ஸ்பீடு பிரேக்கர் தாண்டினா கார் ஆடுதா? ஷாக் அப்சார்பர் போயிடுச்சான்னு கண்டுபிடிப்பது எப்படி?

பிரேக் அடித்தால் காரின் முன்பக்கம் கும்பிடு போடுவது போல குனிகிறதா? ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறதா? 'ரோடு சரியில்லப்பா' என்று கடந்துவிட வேண்டாம். முன்பக்க ஸ்ட்ரட் தேய்ந்திருக்கலாம். இது சொகுசுப் பிரச்சனை மட்டும் இல்லை, வண்டி சரியான நேரத்தில் நிற்குமா என்ற பிரச்சனையும்கூட.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

மெக்கானிக் ஷாப்பில் பொதுவாக எல்லாவற்றையும் 'ஷாக் அப்சார்பர்' என்றுதான் சொல்வார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் ஆயிலில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். இந்த இரண்டும் ஒரே செட்டாக, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் தூண் போல வந்தால் அது ஸ்ட்ரட். ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10 போன்ற கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது இந்த வகைதான். வடிவமைத்த இன்ஜினீயரின் பெயரால் 'மெக்பெர்சன் ஸ்ட்ரட்' என்கிறார்கள்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

பள்ளத்தில் இறங்கிய டயர் ரோட்டோடு ஒட்டி நிற்காமல் துள்ளும். துள்ளுகிற டயருக்குப் பிடிமானம் இல்லை. அந்த நேரத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். வளைவிலும் ஈரமான ரோட்டிலும் ஆபத்து இன்னும் அதிகம்.

சிக்கல் என்னவென்றால், ஸ்ட்ரட் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தினமும் ஓட்டுபவருக்கு அது பழகிவிடும். எப்போதாவது உங்கள் காரை வாங்கி ஓட்டுபவர்தான் 'என்னப்பா இப்படி ஆடுது?' என்று கேட்பார்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

● ஆயில் கசிவு: ஸ்ட்ரட் மீது லேசான ஈரப்படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் வழிந்து, அதில் மண் ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

● டயர்: நிறுத்திய வண்டியின் டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரே சீராக இல்லாமல் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சந்தேகப்படலாம்.

● ஆட்டம்: ஹைவேயில் மேடு ஏறி இறங்கியதும் வண்டி மிதப்பது போல இருக்கும். திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாயும்.

● அமுக்கிப் பார்ப்பது: பானெட் ஓரத்தை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடினால் ஸ்ட்ரட் தேய்ந்துவிட்டது. ஆனால் ஆடவில்லை என்பதற்காக 'நல்லா இருக்கு' என்று முடிவு கட்ட முடியாது. தேய்ந்த ஸ்ட்ரட்டும் சில நேரம் இதில் பாஸ் ஆகிவிடும்.

சத்தம் வந்தாலே ஸ்ட்ரட் போச்சா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் வீண் செலவு ஆகிறது. சின்னப் பள்ளத்தில் 'தட் தட்' என்று சத்தம் வந்தால் லிங்க் ராடு அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று கேட்டால் ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுன்ட் அல்லது பேரிங் காரணமாக இருக்கலாம். இவற்றை மட்டும் தனியாக மாற்ற முடியும். எனவே வண்டியைத் தூக்கி, எது தேய்ந்திருக்கிறது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. இடது, வலது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இயங்காது. மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் மறுபடியும் மொத்தத்தையும் கழற்ற வேண்டும், லேபர் சார்ஜ் இரண்டு முறை.

'புதுசு எதுக்கு, ஆயில் ஊத்தி ரீகண்டிஷன் பண்ணிடலாம்' என்று சொன்னால் யோசியுங்கள். கார் ஸ்ட்ரட் பெரும்பாலும் சீல் செய்யப்பட்ட பொருள். திறந்து மூடினால் பழைய பலம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும்போது சக்கரத்தின் கோணம் மாறும். அதைச் சரிசெய்யாவிட்டால் புது டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

வீட்டில் நாமே செய்யலாமா?

வீடியோ பார்த்துவிட்டு இறங்க வேண்டாம். ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் பயங்கர அழுத்தத்தில் இருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியால் அதை இறுக்கிப் பிடிக்காமல் உச்சியில் இருக்கும் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்து ஆகலாம். சரியான கருவியும் பழக்கமும் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று எல்லாருக்கும் பொதுவான கணக்கு இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே வரும். ஒவ்வொரு சர்வீஸிலும் 'முன்னாடி ஸ்ட்ரட்டுல ஆயில் கசிவு இருக்கா பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாற்றினால் கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை.