வீட்டில் உருகும் காரீயம்: மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி

வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், தீராத சோர்வு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் குறையாத இரத்தசோகை ஆகியவற்றுக்குக் காரணம் எளிதில் புலப்படாதபோது, நோயாளியிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று பலருக்கு வியப்பளிக்கும். "உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாரேனும் ஈயம் உருக்குகிறார்களா?" என்பதே அக்கேள்வி. நோயைக் கண்டறிவதில் இதற்குக் கிடைக்கும் விடை சில வேளைகளில் ஸ்கேனைவிடப் பெரிதும் உதவும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் வெள்ளீயம், காரீயம் என்னும் இரு வேறு உலோகங்களையும் பேச்சுவழக்கில் ஈயம் என்றே அழைக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயத்தால் ஆகவேண்டியவை. வலைக்குண்டு, வாகன பேட்டரி, துப்பாக்கித் தோட்டா ஆகியவற்றில் இருப்பது காரீயம். நஞ்சு இதுவே. மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயம் கலக்கப்பட்டிருந்தால், புளியின் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். ஆகவே ஈயச் சொம்பை நம்பகமான கடையிலேயே வாங்க வேண்டும்.

பழைய ஈயம் எங்கிருந்து வருகிறது?

காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். விறகடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும் போதும் என்பதால், உலகின் பல பகுதிகளில் இது வீட்டு வேலையாகவே நடைபெறுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் தோட்டாக்களைத் தாமே வார்த்துக்கொள்கின்றனர். கார் சக்கரத்தைச் சமநிலைப்படுத்த ரிம்மில் பொருத்தும் ஈயத் துண்டுகள், பழைய குழாய்கள், கூரைத் தகடுகள், சுடுகளத்தின் மண்மேட்டிலிருந்து தோண்டியெடுத்த பழைய தோட்டாக்கள் ஆகியன அவர்களுக்கு மூலப்பொருள். இத்தகையோரின் இரத்தத்தில் காரீய அளவு உயர்ந்திருப்பதை அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அதே பழைய ஈயம் பழைய இரும்புக் கடைகள் வழியாக நம் கடற்கரையிலும் வந்து சேர்கிறது. வலைக்கும் தூண்டிலுக்கும் குண்டு வார்ப்பதற்காக அது உருக்கப்படுகிறது. அச்சும் பயனும் வேறு. அடுப்பிலிருந்து எழும் நஞ்சு ஒன்றே.

பழைய ஈயம் அனைத்தும் ஒரே அளவு ஆபத்தானதன்று. கட்டியான ஈயத்தைக் காட்டிலும் உடைத்த பேட்டரி பன்மடங்கு கொடியது. அதன் தட்டுகளில் ஈயம் நுண்ணிய பொடியாகவும் பசையாகவும் அப்பியிருக்கும். உடைக்கும்போதே அது காற்றிலும் மண்ணிலும் கலந்துவிடும். உடன் வழியும் அமிலமும் ஈயத்தைச் சுமந்து செல்லும். பேட்டரியை வீட்டில் உடைக்கவே கூடாது.

நஞ்சு உடலில் நுழையும் வழி

கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டுமே பலர் அஞ்சுகின்றனர். துருத்தியாலோ ஊதுகுழலாலோ தீயை மிகைப்படுத்தும்போது ஈய ஆவி கூடுதலாக எழுவது உண்மைதான். ஆயினும் மிதமான சூட்டிலும் உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறக் கசடு படியும். அதை வழித்து எறியும்போது பறக்கும் தூள் கையிலும் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. கை கழுவாமல் உண்ணும் சோற்றிலும், புகைக்கும் பீடியிலும் அது சேர்கிறது. அதற்கு மணமில்லை. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வதும் உரிய பாதுகாப்பாகாது.

வேலை செய்தவர் அதே சட்டையுடன் குழந்தையைத் தூக்கும்போது நஞ்சு இடம் மாறுகிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும். சிறு குழந்தைகளுக்கோ பாதியளவுவரை சேரக்கூடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதலாகச் சேரும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் பருவமே மூளை விரைந்து வளரும் பருவமும் ஆகும்.

செனெகல் நாட்டின் தலைநகரான டாக்கருக்கு அருகே தியாராய் சுர் மெர் என்னும் ஊரில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் தொழில் பல ஆண்டுகள் நடைபெற்றது. ஈயத்தின் விலை உயர்ந்தபோது, நிலத்தில் ஊறியிருந்த ஈயத்தைப் பிரித்தெடுக்க மக்கள் மண்ணைச் சலித்தனர். மூட்டைகளில் அதை வீட்டுக்கும் கொண்டு சென்றனர். 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தனர். பின்னர் பரிசோதிக்கப்பட்ட 81 பேரின் உடலிலும் ஈய நஞ்சு கண்டறியப்பட்டது. அவர்களுள் இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோரும் தாய்மாரும் இருந்தனர்.

அறிகுறிகளும் பரிசோதனையும்

பெரியவர்களுக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், மூட்டுவலி, எரிச்சல், மறதி, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை தோன்றலாம். அளவு மிகும்போது மணிக்கட்டு துவண்டு தொங்கும். குழந்தைகளுக்கு, கவனக்குறைவு, படிப்பில் பின்தங்குதல், பசியின்மை போன்றவையே தொடக்க அடையாளங்களாக இருக்கலாம்; பல குழந்தைகளிடம் வெளிப்படையாக எதுவுமே தெரியாது. குழந்தைக்கு இடைவிடாத வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டால் அது அவசரநிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

உறுதி செய்ய இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றுடன் வரவேண்டியதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், நஞ்சின் மூலத்தைக் கண்டறிந்து விலக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சிகிச்சையின் முதற்படியும் அதுவே. இரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மாதம் ஆகும். எலும்பில் படிந்தது பல்லாண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் அது எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்துக்கு வந்து கருவையும் அடையும். அளவு மிக உயர்ந்திருந்தால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் தரப்படும். வீட்டில் உருக்குவது தொடரும்போது அம்மருந்தை மட்டும் உட்கொள்வது பயன் தராது, தீங்கும் விளைவிக்கலாம். ஆகவே அதனைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• இயன்றவரை வலைக்குண்டுகளை ஆயத்தமாக வாங்குங்கள். வீட்டில் உருக்காமல் இருப்பதே முழுமையான பாதுகாப்பு.

• பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையில் ஒப்படையுங்கள். அவற்றைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன.

• உருக்குவதை உடனே நிறுத்த இயலாத நிலையில், வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவான திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். குழந்தைகளும் கருவுற்றோரும் அருகில் வரக்கூடாது. ஈரமான துண்டையோ ஈர அச்சையோ பயன்படுத்தாதீர்கள். நீர் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும்.

• ஈயம் உருக்கிய சட்டியும் கரண்டியும் மீண்டும் சமையலறைக்கு வரக்கூடாது.

• வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடை மாற்றிய பின்னரே வீட்டுக்குள் நுழையுங்கள். அந்த உடையைத் தனியே துவையுங்கள். தூள் படிந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

• குழந்தைகளுக்கு வேளை தவறாமல் உணவளியுங்கள். கீரை, கேழ்வரகு, பால், மீன், பருப்பு ஆகியவை இரும்பும் கால்சியமும் தரும். இவை துணைதானே தவிர, நஞ்சை முறிக்கும் மருந்தல்ல.

அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் இரண்டு செய்திகளையும் கொண்டுவாருங்கள்: வீட்டில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையேனும் யாரேனும் உட்கொள்கிறார்களா. பிழைப்புக்காகச் செய்யும் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் காரீயம் மிகுந்திருப்பது தெரிந்தால், அவ்வீட்டுக் குழந்தைகள் அனைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பை மருந்தால் முழுமையாக மீட்க இயலாது. அது நேராமல் தடுக்க நம்மால் இயலும்.