மொறிஸ் மைனருக்கு விடை கொடுத்தோம்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய மொறிஸ் மைனரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐயா இருபது ஆண்டுகளாக வைத்திருந்ததும் அதுதான். 1990இல் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, நடக்க முடியாத அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியதும் அதில்தான்.

1996இல் எங்களை வெளிநாடு அனுப்பும் செலவுக்காக ஐயா அதை விற்றார். திறப்பைக் கொடுக்கமுன் பொனற்றை ஒருமுறை துடைத்துவிட்டார். அன்று முழுவதும் எங்களோடு ஒன்றும் பேசவில்லை.

1948இல் அறிமுகமான அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிசும் 1922இல் ஸ்மேர்னா நகரைவிட்டு வெளியேறிய அகதி என்பதை இங்கு வந்தபின்தான் அறிந்தோம். ஓர் அகதி செய்த கார் எங்களையும் கரைசேர்த்திருக்கிறது.