மொழித்திறனை அளவிடும் சோதனைகள்

மாணவர்களே, தவணைப் பரீட்சை விடைத்தாள் கையில் கிடைத்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது மொத்தப் புள்ளியையே. தமிழ்மொழிப் பாடத்தில் இரு மாணவர் 48 புள்ளிகள் வீதம் பெற்றனர் எனக் கொள்வோம். ஒருவர் இலக்கணத்தில் சிறந்து, கட்டுரையில் புள்ளிகளை இழந்தவர். மற்றவர் கட்டுரையில் சிறந்து, இலக்கணத்தில் தவறியவர். மொத்தம் ஒன்றே, ஆயினும் இருவருக்கும் வேண்டிய பயிற்சி வேறு. சோதனைகளின் இயல்பை அறிந்தால் இதனை இலகுவாக விளங்கிக்கொள்ளலாம்.

1. நோக்கத்திற்கேற்ற வகைகள்

(அ) அடைவுச் சோதனை: பாடத்திட்டத்தில் கற்றவற்றை எந்தளவு அடைந்துள்ளீர்கள் என அளப்பது.
உ+ம்: தவணைப் பரீட்சை, க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை.

(ஆ) தேர்ச்சிச் சோதனை: குறித்த பாடத்திட்டத்தைச் சாராது மொழியைக் கையாளும் ஆற்றலை அளப்பது.
உ+ம்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலச் சோதனை.

(இ) குறையறி சோதனை: எவ்விடத்தில் இடர்ப்படுகிறீர்கள் எனக் கண்டறிவது. இதன் நோக்கம் தரமிடுதல் அன்று, பரிகாரம் காணுதலாகும்.

2. நல்ல சோதனையின் பண்புகள்

தகுதி: அளக்கவேண்டியதையே அளத்தல். பேச்சாற்றலை எழுத்துப் பரீட்சையால் அளக்க இயலாது.

நம்பகம்: யார் திருத்தினாலும் ஏறத்தாழ ஒரே புள்ளி கிடைத்தல். பல்தேர்வு வினாவில் இது எளிது. ஆயினும் நான்கு விடைகள் தரப்படின், ஊகித்து எழுதுபவருக்கும் சரியாக அமைய 25% வாய்ப்புண்டு. கட்டுரையைத் திருத்துவோரிடையே வேறுபாடு தோன்றலாம். அதனைக் குறைக்கவே புள்ளித்திட்டம் பயன்படுகின்றது.

நடைமுறைச் சாத்தியம்: கிடைக்கும் நேரம், ஆளணி, செலவு ஆகியவற்றுள் நடத்தக்கூடியதாக இருத்தல். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைத்துச் சோதிப்பது தகுதியுடையது. ஆனால் பெருந்தொகையானோர் தோற்றும் பரீட்சையில் கடினமானது.

3. நீங்கள் செய்யவேண்டியது

திருத்திய விடைத்தாளை உங்களுக்கான குறையறி சோதனையாக மாற்றுங்கள். எழுத்துப்பிழை, இலக்கணம், கிரகித்தல், கட்டுரை எனத் தலைப்பிட்டு, இழந்த புள்ளிகளைப் பிரித்தெழுதுங்கள். "மரங்கள் வீழ்ந்தது" என ஓரிடத்தில் மட்டும் எழுதியிருந்தால் அது கவனயீனமாக இருக்கலாம். அத்தகைய பிழை பல இடங்களில் வந்திருப்பின், பலவின்பால் எழுவாய்க்குரிய பயனிலை உங்களுக்குத் தெளிவில்லை என்பதே பொருள். "மரங்கள் வீழ்ந்தன" என்பதே சரியானது. அவ்விதியை மீண்டும் கற்று, புதிய வாக்கியங்கள் பத்து எழுதிப் பாருங்கள்.

புள்ளி உங்கள் நிலையை மட்டுமே காட்டும். அடுத்து எதைப் படிக்கவேண்டும் என்பதைப் பிழைகளே காட்டும்.

மீட்டல் வினா: அடைவுச் சோதனைக்கும் குறையறி சோதனைக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.