கழுத்தும் தோளும் வலிக்கும் ஆசிரியருக்கு: மூச்சோடு சில எளிய அசைவுகள்

கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்தும்போது தோள்பட்டையில் சுருக்கென்று வலிக்கிறதா? நோட்டுகளைத் திருத்தி முடித்து நிமிரும்போது பின்கழுத்து இறுகிக் கிடக்கிறதா? நம்மில் பலருக்கு இது பழகிப்போன வலி. தைலம் தேய்த்துக்கொண்டு, தாங்க முடியாத நாளில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் வகுப்புக்குப் போய்விடுகிறோம்.

நான் இடைநிலை ஆசிரியர். யோகாவையும் முறையாகக் கற்றிருக்கிறேன். பயிற்சிக் கூட்டங்களின் உணவு இடைவேளையில் சக ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த வலியைப் பற்றித்தான். இதை வெறும் உடல் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியை ஒருவர் தோள்வலியால் பலகையில் எழுதுவதையே குறைத்துக்கொண்டு, சொல்லி எழுதவைக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்ததோ இரண்டாம் வகுப்பு. ‘ண’ எங்கே தொடங்கி எத்தனை சுழி சுழிக்கிறது என்பதை ஆசிரியரின் கை நகர்வதைப் பார்த்துத்தான் குழந்தை கற்கிறது. நம் தோள்வலி இப்படி மாணவரின் நோட்டு வரைக்கும் போய்விடுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைக் கழுத்தின் 7 எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும் தாங்குகின்றன. தலை தோள்களுக்கு நேர்மேலே இருக்கும்வரை சுமை அதிகம் தெரிவதில்லை. முன்னால் குனியக் குனியச் சுமை பல மடங்காகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்திருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மேசையில் கிடக்கும் நோட்டைத் திருத்தும்போதும், மடியில் வைத்த கைபேசியில் வருகையைப் பதிவு செய்யும்போதும், தரையில் குழந்தைகளோடு அமர்ந்து எழுத்துப் பயிற்சி தரும்போதும் நம் கழுத்து நீட்டிய கையில் குடத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

மண்டையோட்டின் பின்புறம் தொடங்கி, தோள்வரை விரிந்து, நடுமுதுகுவரை இறங்கும் பெரிய தசைக்கு ட்ரபீசியஸ் என்று பெயர். பலகையில் எழுதும்போது கையைத் தூக்கிப் பிடிக்க உதவுவதும், மனம் பதறும்போது தோள்களைக் காதுவரை ஏற்றுவதும் இதுதான். சுருங்கி விரியும் தசையில் இரத்தம் நன்றாக ஓடும். சுருங்கிய நிலையிலேயே நெடுநேரம் இருந்தால் ஓட்டம் குறைந்து, தசை களைத்து, இறுகி வலிக்கும்.

ஆகவே, இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் கடும் உழைப்பு அன்று. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதே. மருந்தும் அதிலேயே இருக்கிறது: சிறிய அசைவு, அடிக்கடி, மூச்சோடு சேர்த்து.

ஆளுக்கேற்ற யோகா

யோகா என்றதும் உடலை வில்லாக வளைக்கும் படங்கள் நினைவுக்கு வந்து பலரும் தயங்குகிறார்கள். மைசூரிலும் பின்னர் சென்னையிலும் யோகா கற்பித்த டி. கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) தம் பிற்காலத்தில் வலியுறுத்தியது, பயிற்சி ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும் என்பதையே. அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இந்த வழியில் சிகிச்சை யோகாவைக் கற்பித்து வருகிறது. வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றைப் பார்த்தே அசைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அசைவு மூச்சைப் பின்தொடர்கிறது.

மூச்சுக்கு ஏன் இந்த முதன்மை? மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. இறுகிய தசையும் எளிதாக விட்டுக்கொடுக்கிறது. அதோடு மூச்சே நமக்கு அளவுகோல். அசைவின் நடுவே மூச்சு திணறினாலோ நின்றாலோ, அளவு மீறிவிட்டது என்று பொருள். உடனே குறைத்துக்கொள்ளலாம்.

ஐந்து அசைவுகள்

முதல் நான்கையும் பள்ளியிலேயே, சேலையிலோ பேன்ட் சட்டையிலோ செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன்பகுதியில், பாதங்கள் தரையில் பதிய நிமிர்ந்து உட்காருங்கள். ஒவ்வொன்றும் 6 முறை போதும்.

1. தோள் ஏற்றி இறக்குதல்: மூச்சை இழுத்தபடி இரு தோள்களையும் காதுகளை நோக்கி உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி மெதுவாக இறக்குங்கள். தோள் இவ்வளவு நேரம் ஏறியே இருந்தது என்பது இறக்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

2. கை உயர்த்துதல்: மூச்சை இழுத்தபடி வலக்கையை முன்வழியாக உயர்த்துங்கள், விட்டபடி இறக்குங்கள். பிறகு இடக்கை. வலி இருந்தால் தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். முழங்கை சற்று மடிந்திருப்பதில் தவறில்லை.

3. கழுத்தைத் திருப்புதல்: மூச்சை விட்டபடி முகத்தை வலப்பக்கம் திருப்புங்கள், இழுத்தபடி நடுவுக்கு வாருங்கள். பிறகு இடப்பக்கம். எட்டும் தூரத்தில் முக்கால் பங்கு போதும். தலையை முழுவட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

4. முதுகை வளைத்து நிமிர்த்துதல்: உள்ளங்கைகளை முழங்கால்களில் வையுங்கள். மூச்சை இழுத்தபடி நெஞ்சை முன்னே கொண்டுவந்து நிமிருங்கள். விட்டபடி மேல்முதுகைப் பின்னால் வளைத்து முகவாயைத் தாழ்த்துங்கள். பூனை முதுகை வளைப்பதுபோல் இருக்கும்.

5. படுத்துக் கை உயர்த்துதல்: இது வீட்டில் செய்வது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு இருக்கட்டும். மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் தலைக்குமேல் பின்னால் கொண்டுசெல்லுங்கள். விட்டபடி பக்கத்தில் கொண்டுவாருங்கள். முடிந்ததும் கால்களை நாற்காலியின்மேல் வைத்து 5 நிமிடம் அமைதியாகப் படுத்திருங்கள்.

கழுத்துவலி உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இவற்றில் கழுத்து உடலின் எடையைத் தாங்க நேரிடும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

கையில் மரத்துப்போதலோ மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வோ இறங்கினால், சாக்பீஸ் பிடிக்கும் வலு குறைந்தால், நடையில் தடுமாற்றம் வந்தால், விழுந்ததன்பின் வலி தொடங்கினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பயிற்சியைத் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். கை நாளுக்கு நாள் உயர மறுத்தால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு தோளோ இடக்கையோ தாடையோ வலித்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

பள்ளி நாளுக்குள் பொருத்துவது

நேரம் இல்லை என்பதே நம் எல்லோருடைய பதிலும். தோள் ஏற்றி இறக்குதலை 6 முறை செய்ய ஒரு நிமிடம் போதும். ஒரு பாடவேளை முடிந்து அடுத்தது தொடங்குமுன் செய்துவிடலாம். காலையில் ஒருமுறை அரைமணி நேரம் செய்துவிட்டு நாள் முழுவதும் குனிந்தே இருப்பதைவிட, ஒவ்வொரு நிமிடமாக ஐந்தாறு முறை செய்வது இந்த வலிக்கு நல்லது. கை உயர்த்துதலை வகுப்போடு சேர்ந்தே செய்யலாம். எழுதிக் களைத்த மாணவர்களின் தோள்களுக்கும் அது தேவை.

பழக்கத்திலும் சில மாற்றங்கள் வேண்டும். பலகையில் கண்மட்டத்தை ஒட்டிய பகுதியை முதலில் நிரப்புங்கள். திருத்தும் நோட்டை நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வையுங்கள். கைபேசியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடியுங்கள். 10 நோட்டுகளுக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து நிமிருங்கள்.

நான் குறிப்பிட்ட ஆசிரியை முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, முதல் இரண்டு அசைவுகளோடு மட்டும் தொடங்கினார். வலி முற்றிலும் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களில் பலகையின் நடுப்பகுதியில் மறுபடி எழுதத் தொடங்கினார்; மேல்வரியை இப்போதும் விட்டுவிடுகிறார். குழந்தைகளுக்கு அது போதும்.

நீங்களும் ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை முதல் பாடவேளை முடிந்து மணி அடித்ததும் தோள்களை உயர்த்தி, மூச்சை விட்டபடி இறக்கிப் பாருங்கள்.