நஞ்சுக்கொடியில் படியும் கால்சியம்: கிருமிதான் காரணமா?

பிரசவத்துக்குப் பின் வெளிவரும் நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கத்தில் விரலை ஓட்டினால் பல நேரம் மணல் போல நெருடும். வெண்புள்ளிகளாகத் தெரியும் அவை கால்சியம் பாஸ்பேட் படிவுகள். நிறைமாதத்தில் இது சகஜம். பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியைக் கடந்துதான் போய்ச் சேர்கிறது. போகிற வழியில் கொஞ்சம் தங்கிவிடுவதில் வியப்பில்லை. 36 வாரத்துக்கு முன்பே ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’, அதாவது படிவு மிகுந்த நிலை, என்று வந்தால்தான் கவலை. புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. கிருமிக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கால்சியத்தை மட்டும் பார்த்துக் கிருமியைக் குற்றம் சொல்ல முடியாது.

சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்வோம். தாயின் ரத்தத்திலிருந்து அது நஞ்சுக்கொடித் திசுவுக்குள் புகுந்தால் அழற்சி உண்டாகி செல்கள் மடிகின்றன; மடிந்த இடத்தில் கால்சியம் படிகிறது. தாயின் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்க வேண்டியதே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிளாஸ்மா செல்கள் குவிந்திருக்கும்; ‘ஆந்தைக்கண்’ என்று மருத்துவர்கள் அழைக்கும் பருத்த செல்கள் தென்படலாம். நோயை நிரூபிப்பவை இந்தச் செல்களும் வைரஸின் டிஎன்ஏவும்தான். கால்சியம் வெறும் தழும்பு.

படிவையே உருவாக்கும் கிருமி ஒன்று இருக்கக் கூடாதா? 1998இல் பின்லாந்தின் குவோபியோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கயாண்டர், சிப்ட்சியோக்ளு இருவரும், தம்மைச் சுற்றிக் கால்சிய ஓடு கட்டிக்கொள்ளும் ‘நானோபாக்டீரியா’ இருப்பதாக அறிவித்தார்கள். பின்னர் சீன ஆய்வாளர்கள் கால்சியம் படிந்த நஞ்சுக்கொடிகளிலும் அப்படிப்பட்ட துகள்களைக் கண்டார்கள். துகள்கள் இருப்பது உண்மை. உயிருள்ளவையா என்பதுதான் கேள்வி. புதிய வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றினால் பெருகுகின்றனவே என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். ஆனால் உயிரே இல்லாத கலவையிலும் இதே பெருக்கம் நடப்பதை 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நானோபாக்டீரியாவுடையது என்று சொல்லப்பட்ட மரபணு வரிசை, ஆய்வகங்களை மாசுபடுத்தும் சாதாரண பாக்டீரியாவினுடையதோடு ஒத்துப்போனது. 2008இல் மார்டெல், யங் என்ற ஆய்வாளர்கள் ரத்தச் சீரத்தில் கால்சியம் கார்பனேட் துகள்களை உண்டாக்கினார்கள். பார்வைக்கு அவையும் பாக்டீரியா போலவே இருந்தன, பிளந்து பெருகும் கோலம் உட்பட.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இந்தத் துகள்களின் வளர்ச்சியைத் தடுத்ததே என்று கேட்கலாம். அந்த மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. வெறும் கனிமத் துகளின் வளர்ச்சியையும் அது தடுக்கக்கூடும். இதே இயல்பால்தான், கர்ப்பத்தின் பின்பாதியில் கொடுத்தால், அது கருவின் எலும்பிலும் உருவாகிவரும் பற்களிலும் தங்கிப் பற்களை நிரந்தரமாகக் கறைப்படுத்துகிறது. ஸ்கேனில் தெரியும் வெண்புள்ளிகளை நம்பி ஆன்டிபயாடிக் கொடுப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். குழந்தையின் வளர்ச்சியும் குறைந்திருந்தால் தாயின் ரத்தத்தில் சிபிலிஸ், டாக்சோபிளாஸ்மா, சைட்டோமெகலோ வைரஸ் சோதனைகளைச் செய்யலாம். பிரசவமானதும் நஞ்சுக்கொடியைக் குப்பைக்கு அனுப்பாமல் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.