முட்டைக் கோழிக்கு விளக்கு வெளிச்சம்

மார்கழியில் முட்டை குறைந்தால் பலரும் தீவனத்தையே குறை கூறுவர். பகல் குறுகுவதும் காரணமாகலாம். அம்மாதம் தமிழகத்தில் பகற்பொழுது சுமார் 11½ மணி நேரமே. முட்டைக் கோழிக்கோ 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. கண் வழியே மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவியும் ஒளி மூளையை எட்டி, முட்டையிடத் தூண்டும் சுரப்புகளைக் கிளப்புகிறது.

வளரும் பருவத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாகாது. உடல் தேறுமுன்பே சிறு முட்டையிடத் தொடங்கிவிடும். 18 வாரங்களுக்குப் பின் வாரம் அரை மணியாகக் கூட்டி வரலாம். விடியலுக்கு முன் விளக்கேற்றுவதே நல்லது. மாலையில் திடீரென அணைத்தால் ஆழ்கூளக் கோழிகள் மூலையில் நெருக்கியடித்து நசுங்கும்.

முட்டையிடும் காலத்தில் வெளிச்சம் குறைந்தால் கோழி இறகுதிர்த்து முட்டையை நிறுத்தும். ஆகவே மின்தடை மிகுந்த ஊரில் 16 மணி நேரத்துக்கு ஆசைப்படுவதைவிட 14 மணி நேரத்தைத் தவறாமல் தருவதே மேல். மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. பல்பு போதும், அதில் படியும் தூசியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.