ஒரு தெருவின் இரு முனைகள்



இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹோப் ஸ்ட்ரீட் என்றொரு தெரு இருக்கிறது. நீளம் ஏறக்குறைய அரை மைல். ஒரு முனையில் ஆங்கிலிக்கன் பேராலயம், மறுமுனையில் நம் கத்தோலிக்கப் பேராலயம். ஹோப் என்றால் எதிர்நோக்கு. இரு ஆலயங்களுக்கும் நடுவே இந்தப் பெயரை வைத்தவர் பெரிய ஞானியாக இருக்க வேண்டும் என்று நினைப்போம். உண்மையில் அது வில்லியம் ஹோப் என்ற வணிகரின் பெயர்! அவர் வீடு இருந்த இடத்தில் இன்று பில்ஹார்மோனிக் என்ற மதுக்கூடம் நிற்கிறது. 1900ஆம் ஆண்டளவில் கட்டி முடித்தது. வண்ணக் கண்ணாடியும் செதுக்கிய மரமுமாக ஓர் அரண்மனை போலிருக்கும். சாமியார் வானொலியில் மதுக்கடையைப் புகழ்கிறாரே என்று கோபிக்க வேண்டாம். அந்தத் தெருவில் நடப்பவர் அதைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த நகரம் சமயப் பகையால் பிளந்து கிடந்தது. அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கத்தோலிக்க ஏழைகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கினார்கள். 1847இல் காய்ச்சல் கண்ட அவர்களுக்கு அருளடையாளங்கள் வழங்கப் போன பத்துக் குருக்கள் அதே நோயால் இறந்தார்கள். நம் பேராலயம் நிற்பதும் பழைய ஏழையர் விடுதி இருந்த நிலத்தில்தான். பகையோ தணியவில்லை. 1909இல் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபையினருக்கும் இடையே பெருங்கலவரமே மூண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைக்க 1903இல் தேர்வானவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். அப்போது வயது 22, அவர் ஒரு கத்தோலிக்கர். வாழ்நாளெல்லாம் அந்த ஆலயத்துக்காக உழைத்தார். இறந்தபின் அதன் மேற்கு வாசலுக்கு வெளியே அடக்கமானார். 1967இல் அர்ச்சிக்கப்பட்ட நம் பேராலயத்தை வடிவமைத்த பிரெடரிக் கிபர்டோ கத்தோலிக்கர் அல்லர்.

கட்டடங்கள் அப்படி, ஆயர்கள் எப்படி? 1975இல் ஆங்கிலிக்கன் ஆயராக வந்தவர் டேவிட் ஷெப்பர்ட். கிரிக்கெட் பிரியர்கள் அறிந்திருக்கலாம். 1952இல் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 119 ஓட்டங்கள் எடுத்தவர் இவர்தான். அடுத்த ஆண்டு நம் பேராயராக வந்தார் டெரெக் வொர்லாக். இருவரும் எங்கும் சேர்ந்தே போனார்கள். 1981இல் டாக்ஸ்டெத் பகுதி பற்றியெரிந்தபோதும் அப்படித்தான். ஊரார் அவர்களுக்கு 'மீனும் சிப்ஸும்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அங்கே அந்தப் பண்டத்தைச் செய்தித்தாளில் மடித்துத் தருவது பழைய வழக்கம். எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள், எப்போதும் செய்தித்தாளில் இருப்பார்கள் என்று கேலி!

கேலி செய்தவர்கள் மட்டுமல்ல, வெறுத்தவர்களும் இருந்தார்கள். 1982 மார்ச்சில் கான்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி அந்நகரின் ஆலயமொன்றில் பேச எழுந்தார். திருத்தந்தையின் வருகையை எதிர்த்தவர்கள் கூச்சலிட்டு அவரைப் பேசவிடவில்லை. அடுத்த மே 30, பெந்தகோஸ்து ஞாயிறு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முதலில் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்குள் நுழைந்தார். உள்ளே கைதட்டல் எழுந்தது. பிறகு ஹோப் ஸ்ட்ரீட் வழியாக நம் பேராலயத்துக்கு வந்தார்.

இறையியல் வேறுபாடுகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. ஒரே நற்கருணைப் பந்தியில் இன்னும் நம்மால் சேர்ந்து அமர முடியவில்லை. அந்த வேதனையை மூடி மறைக்கக் கூடாது. தீர்ந்தபின் பழகுவோம் என்று அந்த இரு ஆயர்களும் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். நம் தெருவின் மறுமுனையிலும் வேறொரு சபையின் கோயில் இருக்கலாம். அதன் போதகரின் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்தப் பங்குக்கு வந்து நெடுநாள்வரை எனக்கும் தெரியாது.

2008இல் அந்த இரு ஆயர்களின் உருவங்களை வெண்கலத்தில் செய்து அதே தெருவில் நிறுத்தினார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை பெந்தகோஸ்து அன்று ஒரு பேராலயத்தில் வழிபாடு தொடங்கி, தெரு நெடுக நடந்து, மறு பேராலயத்தில் முடிப்பது லிவர்பூல் கிறிஸ்தவர்களின் வழக்கம். பில்ஹார்மோனிக் மதுக்கூடத்தின் வாசலைத் தாண்டித்தான் அந்த ஊர்வலமும் போகும்.